பதினோராம் வார்டில் பேசிய படம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கொல்லத்துக்குக் கிழக்கே அண்டியாபீஸ் என்கிற முந்திரி ஆலையின் புகையை அறுபத்தெட்டு வருடம் இழுத்த மூக்கின்மேல் ஆணையிட்டுச் சொல்வது இது. ஓர் எழுத்தைக் கூட்டியிருந்தாலும் அந்த மூக்கு இருக்கிற இடத்தில் இல்லாமல் போகட்டும்.

பஞ்சாயத்துத் தேர்தலுக்கு மூன்று நாள் இருந்தது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சுகதன், கிரிகோரியின் அடுக்களையில் உட்கார்ந்து புட்டையும் கடலைக் கறியையும் பிசைந்துகொண்டிருந்தான். சுகதனின் தொழில் தொண்டை. ஆட்டோவின் தலையில் இரண்டு ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு வார்டு வார்டாகப் போய்க் கத்துவான். மூன்று முன்னணிகளுக்கும் அவன்தான். சீட்டுக்கு அடியில் மூன்று கொடிகள் இருக்கும். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒருமுறை கொடியை மாற்ற மறந்து, ஒரு வேட்பாளரின் வீட்டு வாசலிலேயே நின்று அவரை மக்கள் விரோதி என்று அரைமணி நேரம் வைதான். அவரோ அவன் குரலின் அழகில் மயங்கி டீ வாங்கிக் கொடுத்தார்.

கிரிகோரி போலீஸ் நாய்ப் படையில் இருபத்தாறு வருடம் நாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியவர். கடைசி நாயின் பெயர் கைசர். கைசர் உயிரை விட்ட அன்று அதன் மோப்பம் மொத்தமும் கிரிகோரிக்குள் இறங்கிவிட்டது. அன்று முதல் மூன்று வீடு தள்ளி மீன் கறியில் குடம்புளி குறைந்தால் இவர் இங்கிருந்தே குரல் கொடுப்பார். ஓய்வு பெற்ற பிறகு காணாமல் போன ஆடு, களவு போன குத்துவிளக்கு, மொட்டைக் கடிதம் என்று சுற்றுவட்டாரத்து வழக்கெல்லாம் அவரிடம்தான் வந்தது. அவசரப்படமாட்டார். நாயை முந்தி ஓடினால் தடத்தை நாமே மிதித்து அழித்துவிடுவோம் என்பது அவர் இருபத்தாறு வருடத்தில் கற்றது.

அன்று படியேறி வந்தவள் விலாசினி. பத்தாம் நம்பர் அண்டியாபீஸில் முப்பது வருடமாகத் தல்லுகாரி. வறுத்த முந்திரிக் கொட்டையைக் கல்லில் வைத்து, மரச்சுத்தியால் தட்டி, பருப்பு உடையாமல் எடுக்கிற வேலை. கொட்டையின் ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டுப் பட்டு அவள் விரல்கள் பத்தும் கரிக்கட்டை மாதிரி கறுத்திருந்தன. போன வருடக் கடைசியிலிருந்து அந்த ஆபீஸ் பத்து மாதம் பூட்டிக் கிடந்தது. வாசலில் சமரப் பந்தல் போட்டு, மழையிலும் வெயிலிலும் உட்கார்ந்து போராடி, இந்த ஓணத்துக்கு முந்தி அதைத் திறக்க வைத்தவள் அவள்தான். அதனால்தான் பதினோராம் வார்டில் அவளைச் சுயேச்சையாக நிறுத்தியிருந்தார்கள். சின்னம் மேசை விளக்கு. கிரிகோரி வீட்டுக்கு எதிரே கரண்டுக் கம்பத்திலும் அவள் போஸ்டர் இருந்தது: சந்தன நிறச் சேலை, சிரிப்பு, கும்பிட்ட கறுத்த கைகள்.

"கிரிகோரிச் சேட்டா, என்னைக் கொன்னுட்டாங்க."

"உக்காரு. செத்தவங்க நிக்கக் கூடாது. சுகதா, சேச்சிக்குப் பால் ஊத்தாம ஒரு கட்டன் போடு."

விலாசினி உட்காரவில்லை. போனை நீட்டினாள். இருபத்திரண்டு விநாடிப் படம். அன்று விடியற்காலையிலிருந்து வார்டில் உள்ள எல்லாப் போன்களிலும் ஓடிக்கொண்டிருப்பது.

அதே சந்தனச் சேலையில், வெயில் பளபளக்கும் தென்னைகளுக்கு முன்னால் விலாசினி நின்றாள். கும்பிட்டிருந்த கைகள் தாமரை மொட்டு மாதிரி வழவழவென்று இருந்தன. அவை அசையவே இல்லை. உதடு மட்டும் அசைந்தது. பின்னால் ஏதோ பொரிகிற மாதிரி ஓர் இரைச்சல்.

"இந்தப் பொம்பளைங்களா? ஆளுக்கு ஒரு சேலையும் அஞ்சு கிலோ அரிசியும் குடுத்தாப் போதும், பட்டினி கிடந்ததையே மறந்துடுவாளுங்க. ஒம்பது பேரு! ஒம்பது பேருக்காக நான் எதுக்குச் சாகணும்? பூட்டிக் கிடந்தா கிடக்கட்டும் அந்த அண்டியாபீஸ். இவளுங்களுக்கு அதுதான் சரி."

சுகதனின் கையிலிருந்த கட்டன் சாயா தளும்பியது. "இது ஏஐ, சேட்டா! அப்பட்டமா ஏஐ! எதிராளி வேலை. நான் இப்பவே ஆட்டோவ எடுக்கறேன்."

"எந்தக் கொடியோட?" என்றார் கிரிகோரி.

சுகதன் சிந்தின சாயாவைத் துடைக்கத் துணி தேடினான்.

"காலையில ஏழு மணிக்குத் தல்லு ஷெட்டுக்குப் போனேன்," என்றாள் விலாசினி. "நூத்தியெண்பது பேரு. ஒருத்திகூட தலையத் தூக்கல. கொட்டை தட்டுற சத்தம் மட்டும். முப்பது வருஷமா என் பக்கத்துல உக்கார்ற பங்கஜாக்ஷி, அவதான் எனக்கு நாமினேஷன்ல கையெழுத்துப் போட்டவ, அவகூட சாம்பல் டப்பாவ அந்தப் பக்கமா நகத்தி வச்சா சேட்டா. கொட்டை எண்ணெய் கையச் சுடாம இருக்க, ஒரே டப்பாவுலதான் நாங்க ரெண்டு பேரும் கை தேய்ப்போம். தோத்தா தோத்துட்டுப் போறேன். தோத்த அப்புறமும் அந்த ஷெட்ல நான் போய் உக்காரணுமே. எந்த மூஞ்சியோட உக்காருவேன்?"

கிரிகோரி படத்தை மறுபடி ஓடவிட்டார். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய் எதிரே இருந்த போஸ்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இத நீ சொன்னியா?"

"நானா? நான் போய் இப்படிச் சொல்வேனா?"

கேள்விக்குக் கேள்வியே பதிலாக வந்ததைக் கிரிகோரி கவனித்தார். அவர் கவனித்ததைச் சுகதன் கவனித்தான். அதற்கு மேல் அவனுக்கு எதுவும் புரியவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் நேரம் இருக்கு," என்றார் கிரிகோரி. ஞாயிறு மாலை ஆறுக்குக் கொட்டிக்கலாசம். எல்லாக் கட்சியும் முக்கில் கூடி, செண்டை கொட்டி, கொடி வீசி, தொண்டை கிழியக் கத்துகிற கடைசி நேரம். ஆறு அடித்ததும் ஒலிபெருக்கியை அவிழ்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு சத்தம் கூடாது.

லைஜுவின் போஸ்டர் கடை பாலத்துக்குப் பக்கத்தில். லைஜு வளைகுடாவிலிருந்து ஓணத்தன்றுதான் ஊர் திரும்பியவன். அங்கே பெரிய ஷேக்குகளின் ஒட்டகங்களுக்கே படம் எடுத்தவன் என்று சொல்லிக்கொள்வான். கிரிகோரி ஒரே கேள்விதான் கேட்டார்.

"விலாசினியோட போஸ்டர்ல கை ஏன் கறுப்பா இருக்கு?"

லைஜுவுக்கு முகம் சிவந்தது. "அத ஏன் கேக்கறீங்க சேட்டா. முதல்ல நான் கையச் சுத்தமா வெளுத்துத்தான் அனுப்பினேன். கல்யாணப் பொண்ணு கை மாதிரி. சேச்சி கடைக்கே வந்து நின்னுட்டா. 'எடா லைஜு, இது எந்த வீட்டு எஜமானியோட கை? என் கைய எங்கடா போட்டே? திருப்பிக் குடு'ன்னு சத்தம் போட்டா. அப்புறம் பழையபடி கறுப்பாவே வச்சு அச்சடிச்சேன்."

"அந்த வெள்ளைக் கைப் படம் யார் யாருக்குப் போச்சு?"

"மூணு பேருக்குத்தான். விலாசினிச் சேச்சி, அவங்களோட தேர்தல் கன்வீனர் சதாசிவன் பிள்ளை சார், பங்கஜாக்ஷிச் சேச்சி. என் கம்ப்யூட்டர்ல ஒண்ணு. அச்சுக்குப் போகவே இல்ல."

"இந்த மாதிரிப் படத்தப் பேச வைக்கறது கஷ்டமா?"

"என்ன சேட்டா நீங்க! ஒரு போட்டோ, ஒரு குரல் குடுத்தாப் போதும், போனே வாய அசைச்சுடும். பங்கஜாக்ஷிச் சேச்சி ஓணத்துக்கு, செத்துப்போன புருஷன் பார்கவன் சேட்டனையே வாழ்த்துச் சொல்ல வைக்கலையா? மாலை போட்ட போட்டோ பேசுச்சு. பேத்தி கத்துக்குடுத்தாளாம். நம்ம குரூப்புல எல்லாரும் அழுதாங்களே."

சுகதனும் அழுதவன்தான். அதை அவன் இப்போது சொல்லவில்லை.

வெளியே வந்ததும் அவனுக்குப் பொறி தட்டியது. "சேட்டா, கன்வீனர்தான்! வார்டு பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கினப்ப, தானே நிக்கணும்னு இருந்த பிள்ளை சாருக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல. எதிராளிகிட்ட அந்தப் படம் இருக்க வாய்ப்பில்ல. அப்ப உள்ளேர்ந்துதான் போயிருக்கு!"

"நல்லா ஓடறே," என்றார் கிரிகோரி. "கைசரும் சின்ன வயசுல இப்படித்தான். எதிர்ல வந்தவனை எல்லாம் கடிச்சிடும்."

தேர்தல் ஆபீஸ் என்பது ஒரு பழைய அரிசி மில்லின் முன்கட்டு. கன்வீனர் சதாசிவன் பிள்ளை ஓய்வு பெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர். எதற்கும் ஒரு நோட்டு வைத்திருப்பவர். தும்மினால்கூடத் தேதி போட்டு எழுதி வைப்பார் என்று ஊரில் பேச்சு உண்டு. அந்த நோட்டைத் திறந்து பார்த்த ஒருவர், 'புதன், இரண்டு தும்மல், வலது மூக்கு' என்று எழுதியிருந்ததைத் தன் கண்ணால் கண்டிருக்கிறார்.

"என்னைச் சந்தேகப்படறீங்களா கிரிகோரி?" என்றார் பிள்ளை.

"நான் யாரையும் சந்தேகப்படறதில்ல சாரே. சமரப் பந்தல்ல யார் யாரு வந்தாங்கன்னு எழுதி வச்சிருப்பீங்களே. அதக் குடுங்க."

நோட்டு வந்தது. கிரிகோரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நூறு பேர், எண்பத்தாறு பேர், நூற்றிருபது பேர். மிதுன மாதம், தமிழில் ஆனி, பத்தாம் தேதிப் பக்கத்தில் அவர் விரல் நின்றது. அங்கே ஒன்பது பெயர்கள். கீழே பிள்ளையின் குண்டு எழுத்தில்: 'காலை முதல் கனத்த மழை. தார்ப்பாய் கிழிந்தது.' ஒன்பது பேர் மட்டும் வந்த நாள் நோட்டு முழுவதிலும் அது ஒன்றுதான். முதல் பெயர் விலாசினி. இரண்டாவது பெயர் சதாசிவன் பிள்ளை.

கிரிகோரி நோட்டை மூடினார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை என்பதைப் பார்த்துச் சுகதனுக்கு என்னவோ போலிருந்தது.

மத்தியானம் ஒரு மணிக்கு அண்டியாபீஸ் வாசலில் பங்கஜாக்ஷியைப் பிடித்தார்கள். ஒல்லியான, வார்த்தையை எண்ணிப் பேசுகிற பெண். தூக்குவாளியைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பங்கஜாக்ஷீ, உன் சிநேகிதி இப்படிச் சொல்லியிருப்பாளா?" என்று கேட்டார் கிரிகோரி.

"அத அவகிட்ட கேளுங்க சேட்டா."

"கேட்டேன். நானான்னு கேட்டா."

பங்கஜாக்ஷி சிரித்தாள். சிரிப்பு என்று அதைச் சொல்ல வேண்டுமென்றால். "அப்ப அவளுக்கு இன்னும் ஞாபகம் வரல," என்றாள். பிறகு, சொல்லியிருக்கக் கூடாததைச் சொல்லிவிட்டவள் போல, வாளியைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு லைஜுவின் கடையில் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார் கிரிகோரி. விலாசினி, பிள்ளை, லைஜு, பங்கஜாக்ஷி. கதவருகே சுகதன். முக்கில் செண்டைக்காரர்கள் தோலை இழுத்துக் கட்டிச் சோதிக்கிற சத்தம் அங்கே வரை கேட்டது. கிரிகோரி லைஜுவின் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி நிறுத்தினார்.

"எல்லாரும் இவ மூஞ்சியத்தான் பாத்தீங்க. திட்டறப்ப யாரும் கையப் பாக்கறதில்ல. நான் நாய்க்காரன். நாய் மூஞ்சியப் பாக்காது, அது கையத்தான் மோந்து பாக்கும். விலாசினீ, உன் கைய மேசைமேல வை."

விலாசினி வைத்தாள். திரையில் தாமரை மொட்டு; மேசையில் கரிக்கட்டை.

"கொல்லத்துல எந்தத் தல்லுகாரிக்கும் இப்படிக் கை கிடையாது. இது உயிரோட நின்னு பேசின விலாசினி இல்ல. லைஜு வெளுத்த போட்டோவுக்கு வாய அசைக்கக் கத்துக்குடுத்திருக்காங்க. படம் பொய்."

"அப்படிப் போடு!" பிள்ளை நாற்காலியிலிருந்து எழுந்தார். "சுகதா! வண்டிய எடு! 'பொய்ப் படம் அம்பலம், அண்டியாபீஸ் கை பொய் சொல்லாது'ன்னு முக்குல நின்னு கத்து. இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கு."

சுகதன் பாய்ந்தான். கிரிகோரி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"பாதிதான் ஆச்சு. சுகதா, நீ மைக்காரன். இந்தப் படத்துல பின்னால ஒரு இரைச்சல் இருக்கே, என்னது அது?"

"மைக் கோளாறு சேட்டா. மலிவு போன்."

"கண்ண மூடிக்கிட்டுக் கேளு."

சுகதன் கேட்டான். இரண்டாவது முறை கேட்டபோது அவன் புறங்கையில் மயிர் சிலிர்த்தது. முப்பது வருடமாகத் திறந்த ஆட்டோவில், எல்லாப் பருவத்திலும், எல்லாக் கூரைக்கும் கீழே மைக் பிடித்தவன் அவன். ஓட்டில் விழுவது வேறு, தகரத்தில் விழுவது வேறு.

"மழை," என்றான். "தார்ப்பாய்மேல விழற மழை."

"படத்துல வெயில் அடிக்குது. பேச்சுல மழை பெய்யுது. மெஷினு பொய்க் குரல் செய்யும், ஒத்துக்கறேன். ஆனா கேக்காத மழைய அது எதுக்குச் சேக்கணும்? பொய் சொல்றவன் தன் பொய்ய நனைச்சுக் குடுக்க மாட்டான். அதுலயும் ஒம்பது பேருன்னு வருது. பிள்ளை சாரோட நோட்டுல ஒம்பது பேர் வந்த நாள் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. மிதுனம் பத்து. கனத்த மழை." கிரிகோரி விலாசினியைப் பார்க்காமல் சொன்னார். "படம் பொய். குரல் நெசம்."

விலாசினி மேசையிலிருந்து கையை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"போன்ல குரல் அனுப்பறது பக்கத்துல இல்லாதவங்களுக்குத்தான்," என்றார் கிரிகோரி. "வெள்ளைக் கைப் படம் கையில இருந்தவங்கள்ல, பிள்ளை சார் அன்னிக்குப் பந்தல்ல இவ பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. லைஜு அப்ப ஒட்டகத்துக்குப் பவுடர் போட்டுக்கிட்டிருந்தான். பந்தலுக்கு வராத ஆளு ஒருத்திதான்."

பங்கஜாக்ஷி மறுக்கவில்லை. எல்லோரையும் விட்டுவிட்டு விலாசினியிடம் மட்டும் பேசினாள்.

"அன்னிக்கு நான் களியக்காவிளையில இருந்தேன்டீ. எல்லைக்கு அந்தப் பக்கம். அங்க ஒரு அண்டியாபீஸ்ல ஆள் எடுத்தாங்க. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு, பந்தல விட்டுட்டுப் போறேன்னு. வீட்டுல அடுப்பு எரியல, போனேன். மத்தியானம் சோத்து நேரத்துல உன் மெசேஜ் வந்துச்சு. நீ எப்பவும் எதாச்சும் கிண்டலா அனுப்புவியே. எல்லாரும் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல போட்டேன். பத்துப் பொம்பளைங்க சுத்தி உக்காந்திருந்தாங்க."

"பங்கீ..."

"இரு. கோவத்துல சொன்னேன்னு எனக்கும் தெரியும். மறுவாரம் வந்து கட்டிப்பிடிச்சே. இப்ப மன்னிப்புக் கேப்பா, அப்புறம் கேப்பான்னு ஆறு மாசம் பாத்துக்கிட்டிருந்தேன், ஒரு வார்த்தை. நீ நாமினேஷன் பேப்பரக் கொண்டாந்து கையெழுத்துக் கேட்ட. போட்டேன். அப்புறம் ஓட்டுக் கேட்ட."

"அதுக்காக இப்படியா?" என்று வெடித்தார் பிள்ளை. "அந்த மெசேஜ அப்படியே நாலு பேருக்கு அனுப்பியிருக்கலாமே! எதுக்கு இந்தக் கூத்து?"

"வெறும் குரல்னா எவளோ பேசறான்னு விட்டுடுவாங்க. என் போன்லேர்ந்து வந்துச்சுன்னும் தெரிஞ்சிடும். மூஞ்சி இருந்தாத்தானே நம்புவாங்க. எங்க தல்லு குரூப்புல இருக்கற பதினாறு பேருக்கு மட்டும்தான் அனுப்பினேன். வேற நம்பர்லேர்ந்து. ஊரு முழுக்கப் போகும்னு நினைக்கல."

"கறுப்புக் கைப் படத்தப் போட்டிருந்தா என்னால கண்டுபிடிச்சிருக்க முடியாது," என்றார் கிரிகோரி. "எதுக்கு அந்த முதல் படத்த எடுத்தே?"

பங்கஜாக்ஷி திரையில் நின்ற முகத்தைப் பார்த்தாள்.

"அதுலதான் அவ அழகா இருந்தா," என்றாள். "அப்பவே எடுத்துப் பத்திரமா வச்சிருந்தேன்."

அவள் எழுந்து, சேலை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வெளியே போனாள். யாரும் தடுக்கவில்லை. விலாசினி பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

மணி ஐந்தேகால். முக்கில் செண்டை முழுவீச்சில் ஆரம்பித்துவிட்டது. சதாசிவன் பிள்ளை நாற்காலியை விலாசினியின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, வைத்தியர் மாதிரி மெதுவாகப் பேசினார். "இதோ பாரு விலாசினீ. நாம பொய் சொல்ல வேண்டாம். படம் பொய்னு மட்டும் சொல்லுவோம். படம் பொய்தானே? குரலப் பத்தி யாரும் கேக்கல. கேக்காததுக்குப் பதில் சொல்றது மரியாதையே இல்ல."

சுகதனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அவன் வாழ்நாள் முழுவதும் பாதியை மட்டுமே கத்தி வந்தவன். மறுபாதி பாலத்துக்கு அந்தப் பக்கம்.

விலாசினி வெளியே வந்து ஆட்டோவில் ஏறினாள். "முக்குக்கு விடு," என்றாள். முக்கில் மூன்று முன்னணிகளும் ஒரே ரோட்டில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. கொடியும் காகிதத் தூளும் பறந்தன. நாற்பது செண்டைகள். அந்த வருடச் சத்தத்தில் பக்கத்துத் தோப்பில் பதினேழு தேங்காய் தானாக விழுந்தன. ஒன்றுகூட யார் தலையிலும் விழவில்லை என்பது தேர்தல் விதிகளின் மகிமை. ஆறுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது அவள் சுகதன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"பதினோராம் வார்டு சேச்சிமாரே, சேட்டன்மாரே. நான் விலாசினி பேசறேன். போன்ல வந்த அந்தப் படம் பொய். ஆனா அதுல இருக்கற பேச்சு என்னோடது. மிதுன மாசத்து மழையில நான்தான் பேசினேன். கோவத்துல பேசினேன். பேசியிருக்கக் கூடாது. என்கூட முப்பது வருஷம் உக்காந்தவ நெஞ்ச அதால உடைச்சிட்டேன். இதத் தெரிஞ்சுக்கிட்டு ஓட்டுப் போடணும்னா போடுங்க. வேண்டாம்னா வேண்டாம்."

அவள் பேசிய அரைநிமிடம் செண்டைகள் தடுமாறின. ஆறு அடித்தது. போலீஸ்காரர் விசில் ஊதினார். சுகதன் ஒலிபெருக்கியை அவிழ்த்தான். இத்தனை வருடத்தில் அவன் வண்டியிலிருந்து ஒரு முழு உண்மை போனது அதுதான் முதல் தடவை.

அதை யாரும் நம்பவில்லை.

ஆறரை மணிக்குச் சதாசிவன் பிள்ளையிடமிருந்து எல்லாப் போனுக்கும் ஒரு செய்தி போயிற்று. வேட்பாளரின் குரலில் போலி ஒப்புதல் வாக்குமூலம் ஒலிபரப்பப்பட்டதாகவும், இதுவும் ஏஐ சதி என்றும், வாக்காளர்கள் ஏமாற வேண்டாம் என்றும். கூடவே வெள்ளைக் கையும் கறுப்புக் கையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ஒரு படம். பிள்ளை கெட்டவர் அல்ல. ஜெயிக்க வைப்பது அவர் பொறுப்பு. ஓட்டு எண்ணி முடிகிற வரை அந்தக் கணக்கை அவர் நோட்டில் மூடப்போவதில்லை.

ஊருக்கு அது உடனே விளங்கிவிட்டது. கொட்டிக்கலாசத்தில் மைக்கைப் பிடித்துத் தன் தப்பை ஒத்துக்கொள்கிற வேட்பாளர் உலகத்தில் எங்காவது உண்டா? அப்படியானால் அது மெஷின்தான். ஆட்டோவுக்கு இரண்டடி தள்ளி நின்று விலாசினியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்த மீன்காரி ஓமனாகூட, "நான் அப்பவே கவனிச்சேன், உதடு கொஞ்சம் ஒட்டாமத்தான் அசைஞ்சுச்சு," என்றாள்.

"எடா சுகதா, அந்த மெஷின ஆட்டோவுல எங்கடா ஒளிச்சு வச்சிருந்தே?" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

"சத்தியமா அது சேச்சிதான்! என் கையிலேர்ந்து மைக்க வாங்கினது அவதான்!"

"மூணு கட்சிக்கும் கத்தறவன் சத்தியம் பண்றான் பாரு. எந்தக் கட்சி சத்தியம்டா இது?"

கடை முழுக்கச் சிரித்தது. சுகதனும் சிரித்து வைத்தான். வீட்டுக்குப் போய்ச் சுக்குவெந்நீர் போட்டுக்கொண்டு, அதைக் குடிக்காமல் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தான்.

விலாசினி இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். தல்லு ஷெட்டில் இருந்த நூற்றெழுபத்தொன்பது பேரும் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அழுதார்கள். "நான்தான்டீ சொன்னேன், நெசமாவே நான்தான் சொன்னேன்," என்று அவள் ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். "போதும் உன் பெரிய மனசு," என்று அவள் கன்னத்தைத் தட்டினார்கள். அவள் சொல்வது உண்மை என்று அந்த ஷெட்டில் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் இடத்தில் கல்லும் மரச்சுத்தியும் மட்டும் இருந்தன. திங்கள்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் பங்கஜாக்ஷி களியக்காவிளைக்குப் போய்விட்டிருந்தாள்.

பதவிப் பிரமாணம் எடுத்த அன்று சாயங்காலம் விலாசினி கிரிகோரி வீட்டுக்கு வந்தாள். மெம்பர் ஆகிவிட்ட அடையாளம் எதுவும் முகத்தில் இல்லை. போனை நீட்டினாள், அன்று நீட்டிய மாதிரியே.

"பங்கிக்கு மெசேஜ் அனுப்பினேன் சேட்டா. குரல்ல. மன்னிச்சிடுடீன்னு கேட்டு, அழுது, நாலு நிமிஷம் பேசினேன். இப்பத்தான் பதில் வந்துச்சு."

கிரிகோரி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். சுகதன் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். ஒரே வரி.

'இது நெசமாவே நீதானா, இல்ல பிள்ளை சார் செஞ்சு அனுப்பினதா?'

"நான் என்ன சொன்னா இது நான்தான்னு அவளுக்குத் தெரியும்?" என்று கேட்டாள் விலாசினி. "நீங்க துப்புத் துலக்கறவரு. சொல்லுங்க."

கிரிகோரி போனைத் திருப்பிக் கொடுத்தார். "போன்ல எது சொன்னாலும் தெரியாது. கைய எடுத்துக்கிட்டு நேர்ல போ."

"வாசல்லயே நிக்க வச்சிட்டான்னா?"

"நில்லு. கை கறுப்பா இருக்கான்னு பாக்கறதுக்காவது வெளிய வருவா."

அவள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். சுகதன் ஆட்டோவில் கொண்டுவிடுகிறேன் என்றான்; வேண்டாம் என்றுவிட்டாள். அவள் வளைவில் திரும்பும் வரை இருவரும் வாசலில் நின்றார்கள்.

"சேட்டா, இந்தக் கேஸ்ல நாம ஜெயிச்சோமா?"

"தடத்தச் சரியாத்தான் பிடிச்சோம்," என்றார் கிரிகோரி. "பிடிக்காம விட்டிருந்தா, அந்தப் படம் பொய்னு ஊருக்குத் தெரிஞ்சிருக்காது, அவ பேசினதும் நெசம்னே இருந்திருக்கும். தோத்திருப்பா. ரெண்டு பேரும் ஒரே டப்பாவுல கை தேய்ச்சிருப்பாங்களோ என்னவோ." பிறகு எதிர்க் கம்பத்தில் மழையில் பாதி உரிந்திருந்த போஸ்டரைப் பார்த்தபடி, மூன்று வீடு தள்ளி மீன் கறியில் இன்று புளி அதிகம் என்றார்.

பஞ்சாயத்து ஆபீஸ் பதிவேட்டின்படி, அந்தத் தேர்தலில் பதினோராம் வார்டில் மனுத் தாக்கல் செய்தவர் ஒரே ஒருவர். அங்கே ஓட்டுப் பதிவே நடக்கவில்லை. முதலில் ஆணையிட்ட அந்த மூக்கு இப்போது எங்கே என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.